வீரர் ஒருவரின் வரலாற்றைத் தேடுதல்

நுழையும் முன்

ஊர்தோறும் வீரர்களின் பெயர்கள் உண்டு. சாலைக்கும் மண்டபத்திற்கும் அப்பெயர்கள் சூட்டப்பட்டிருக்கும். பெயரை அறிந்தோர் பலர். வாழ்வை அறிந்தோர் சிலர். போர்க்காலத்தில் உயிர் நீத்த ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எவ்வாறு தேடித் தொகுப்பது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கோட்டை வாயிலில்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பேருந்திலிருந்து இறங்குவோர் செவியில் விழும் ஓசைகளுள் ஒன்று, பழவங்காடி கணபதி கோயிலில் சிதறுகாய் உடையும் ஓசை. சாலைக் கடைத்தெருவில் சரக்கு வாங்க வருவோரும், கரமனையிலிருந்தும் வலியசாலையிலிருந்தும் வரும் தமிழ்க் குடும்பத்தாரும், பள்ளிக்கு விரையும் மாணவரும் அங்கு ஒரு நொடி நின்று கைகூப்பிச் செல்வர். அக்கோயிலைப் பேணி வருவது இந்தியத் தரைப்படை என்பதை அவர்களுள் பலர் அறியார். திருவிதாங்கூர் மன்னரின் நாயர் படையினர் வழிபட்ட கணபதி அவர். நாடு விடுதலை பெற்ற பின் திருவிதாங்கூர்ப் படை இந்தியத் தரைப்படையின் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இணைந்தது. கோயிலைக் காக்கும் பொறுப்பும் படையோடு சேர்ந்தே சென்றது.

ஒரு படையின் வரலாற்றை இவ்வாறு ஒரு கோயிலிலும் காணலாம். ஆனால் படை என்பது தனித்தனி மனிதர்களால் ஆனது. அவர்களுள் ஒருவர் எங்கே பிறந்தார், ஏன் போருக்குச் சென்றார், எப்படி உயிர் நீத்தார் என்று அறிய விரும்பினால் எங்கே செல்வது? யாரைக் கேட்பது? கேட்டவற்றுள் எதை நம்புவது?

நடுகல் மரபு

போரில் வீழ்ந்தவரை மறவாமல் போற்றுவது தமிழரின் தொன்மையான மரபு. வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாகப் பகுத்துக் கூறுகிறது. தக்க கல்லைத் தேடிக் காண்பது முதல் நிலையாகிய காட்சி. நட்ட கல்லை வாழ்த்துவது இறுதி நிலையாகிய வாழ்த்து. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களில் தமிழி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, வீழ்ந்தவரின் பெயர் எழுத்தில் நிற்க வேண்டும் என்று மக்கள் கருதினர் என்பதற்கு அவை சான்று.

எல்லாக் கற்களும் பெயரைச் சொல்வதில்லை. முதல் உலகப் போர் முடிந்தபின் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் பதிக்கப்பட்ட நினைவுக் கற்களில், இவ்வூரிலிருந்து போருக்குச் சென்றவர் இத்தனை பேர், அவர்களுள் உயிர் துறந்தவர் இத்தனை பேர் என்னும் எண்ணிக்கை மட்டுமே உள்ளது. எண் நின்றது, பெயர் மறைந்தது. வரலாற்றைத் தேடுவது என்பது, மறைந்த பெயருக்கு மீண்டும் ஒரு வாழ்வைச் சேர்ப்பதாகும்.

எடுத்துக்காட்டு: வக்கம் அப்துல் காதர்

தேடும் முறையை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காணலாம். திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் செல்லும் இரயிலில் ஏறினால் வர்க்கலைக்கு முன் கடைக்காவூர் என்னும் நிலையம் வரும். அதன் அருகே, காயலை ஒட்டி அமைந்த ஊர் வக்கம். அங்கே 1917ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் அப்துல் காதர் பிறந்தார். மாணவப் பருவத்திலேயே நாட்டுரிமைப் போராட்டங்களில் ஈடுபட்டார். 1938இல் வேலை தேடி மலாயாவிற்குக் கப்பலேறினார்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மலாயாவில் வாழ்ந்த இந்தியர்களும், சிறைப்பட்ட இந்தியப் படையினரும் இந்திய சுதந்திர லீக்கையும் இந்திய தேசிய இராணுவத்தையும் வளர்த்தனர். அப்துல் காதர் அவ்வியக்கத்தில் சேர்ந்து பினாங்கில் பயிற்சி பெற்றார். 1942 செப்டம்பர் இறுதியில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் தோழர்களுடன் வந்து, மலபார்க் கரையில் தானூர் அருகே இறங்கினார். கரையேறிய சிறிது நேரத்திலேயே அவர்கள் பிடிபட்டனர். சென்னையில் வழக்கு நடந்தது. 1943 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைச் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 26.

இவ்வளவையும் இரண்டு பத்திகளில் சொல்லிவிடலாம். இச்செய்திகளை ஒருவர் தாமே தேடி உறுதி செய்ய வேண்டுமாயின் எத்தனை படிகளைக் கடக்க வேண்டும் என்பதை இனிக் காண்போம்.

முதற்படி: பெயரை உறுதி செய்தல்

தேடுவோர் பலர் தொடக்கத்திலேயே வழி தவறுவது பெயரில்தான். வக்கம் என்னும் அதே ஊரில் ஏறத்தாழ அதே பெயருடைய மற்றொரு பெரியவரும் வாழ்ந்தார். அவர் வக்கம் அப்துல் காதர் மௌலவி. 1873இல் பிறந்த அவர் சமுதாயச் சீர்திருத்தர். சுதேசாபிமானி என்னும் இதழைத் தொடங்கியவர். திருவிதாங்கூர் அரசு 1910இல் அவ்விதழின் அச்சகத்தைக் கைப்பற்றி, ஆசிரியர் இராமகிருஷ்ண பிள்ளையை நாடு கடத்தியது. மௌலவி மறைந்தது 1932இல். ஊரையும் பெயரையும் மட்டும் வைத்துத் தேடுபவர் இருவரின் செய்திகளையும் ஒன்றாகக் கலந்துவிடுவர். பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் பெயரோடு சேர்த்துக் குறித்துக்கொண்டால் இக்குழப்பம் நேராது.

எழுத்து வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். காதர், காதிர், காதிறு எனத் தமிழிலேயே பல வடிவங்கள் உள்ளன. ஆங்கில ஆவணங்களில் இவ்வேறுபாடு இன்னும் மிகுதி. தமிழர் பெயருக்கு முன் தந்தையின் பெயரெழுத்து வரும். கேரளத்தவர் பெயரோடு பெரும்பாலும் வீட்டுப் பெயர் வரும். ஆவணம் எழுதிய எழுத்தர் எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்பதை முன்கூட்டி அறிய இயலாது. ஆகவே இயன்ற எல்லா வடிவங்களையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாகத் தேடுவதே முறை.

இரண்டாம் படி: காலக்கோடு வரைதல்

ஒரு தாளில் நேர்க்கோடு வரைந்து, வீரரின் வாழ்க்கை நிகழ்ச்சிகளை ஒரு பக்கமும் நாட்டின் நிகழ்ச்சிகளை மறுபக்கமும் குறிக்க வேண்டும். இந்த எளிய செயல் பல தவறுகளைத் தடுக்கும்.

இந்திய தேசிய இராணுவம் என்றவுடன் நேதாஜி சுபாஷ் சந்திர போசின் நினைவு வரும். எனவே அப்துல் காதரை நீர்மூழ்கிக் கப்பலில் அனுப்பியவர் நேதாஜியே என்று எளிதாக எண்ணிவிடலாம். காலக்கோடு அவ்வெண்ணத்தைத் திருத்துகிறது. 1942 செப்டம்பரில் நேதாஜி ஜெர்மனியில் இருந்தார். அவர் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது 1943 ஜூலை 2ஆம் நாள். அப்போது அப்துல் காதர் ஏற்கெனவே சென்னைச் சிறையில் இருந்தார். அவர் புறப்பட்ட காலத்தில் கிழக்காசிய இந்தியர்களின் இயக்கத்தை நடத்தியவர் ராஷ் பிகாரி போஸ்.

காலக்கோட்டின் மறுபக்கம் மற்றொரு செய்தியையும் தருகிறது. வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறியது 1942 ஆகஸ்ட் 8 அன்று. அவர்கள் கரையேறியது அதற்கு ஏழு வாரங்களுக்குப் பின். தலைவர்கள் சிறையில் இருந்தனர். கடற்கரை எங்கும் கண்காணிப்பு மிகுந்திருந்தது. அவர்கள் விரைவில் பிடிபட்டதற்கு இச்சூழலும் ஒரு காரணமாகும்.

நாட்காட்டியும் ஓர் ஆவணமே. 1943 செப்டம்பர் 10 என்ன கிழமை என்று கணக்கிட்டால் வெள்ளி என்று தெரியும். இசுலாமிய ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் அது ரமலான் நோன்பு மாதம். வெறும் எண்ணாகத் தோன்றிய ஒரு நாள், ஓர் இளைஞரின் இறுதி வைகறையாகவும், தொலைவில் வக்கத்தில் நோன்பிருந்த ஒரு குடும்பத்தின் வெள்ளிக்கிழமையாகவும் உருவெடுக்கிறது.

மூன்றாம் படி: இடங்களைத் தொடர்தல்

வக்கத்தில் பிறந்தவர் சென்னையில் ஏன் தூக்கிலிடப்பட்டார்? இவ்வினாவிற்கு அன்றைய நிலப்படம் விடை தருகிறது. வக்கம் திருவிதாங்கூர் மன்னரின் நாட்டைச் சேர்ந்தது. தானூர் இருந்த மலபார் மாவட்டமோ ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிக்கு உட்பட்ட சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. இன்று இரண்டும் கேரளத்தில் உள்ளன. அன்று அவை வெவ்வேறு அரசுகளின் கீழ் இருந்தன. பிடிபட்ட இடம் மலபார் ஆனதால் வழக்கு மாகாணத் தலைநகராகிய சென்னைக்குச் சென்றது.

நிலப்படத்தை அறிந்தால் ஆவணங்கள் எங்கே இருக்கும் என்பதும் விளங்கும். பிறப்பு, கல்வி, ஊர் நிகழ்ச்சிகள் ஆகியவற்றைத் திருவிதாங்கூர் ஆவணங்களில் தேட வேண்டும். அவற்றைக் கேரள அரசு ஆவணக் காப்பகம் காக்கிறது. சென்னை மாகாண அரசின் கோப்புகளைச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். இந்திய அரசின் போர்க்காலக் கோப்புகளுக்குப் புதுதில்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தை நாட வேண்டும். ஒரு மனிதரின் வாழ்வு மூன்று நகரங்களின் அலமாரிகளில் பிரிந்து கிடக்கிறது.

கேரள ஆவணக் காப்பகத்தின் மையக் காப்பகம் கிழக்கேகோட்டையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், கோட்டைப் பகுதியிலேயே உள்ளது. அப்பழைய கட்டடம் ஒரு காலத்தில் படைவீரர் தங்கிய பாசறை, பின்னர்ச் சிறைச்சாலை, அதன் பின்னரே ஆவணங்களின் இல்லம் ஆனது. அங்கு 2022இல் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டது. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை ஆகியவற்றோடு தமிழ் எழுத்தில் அமைந்த சுவடிகளும் அங்கு உண்டு. தமிழ் படிக்கத் தெரிந்த திருவனந்தபுரத்து மாணவருக்கு இந்நகரின் பழைய ஆவணங்களுள் ஒரு பகுதி இயல்பாகவே திறந்திருக்கிறது.

நான்காம் படி: ஆவணத்தை எழுதியவர் யார் எனக் காணல்

எல்லா வீரருக்கும் ஒரே வகைப் பதிவு கிடைப்பதில்லை. இதனை விளக்க மற்றொரு தமிழ் வீரரை நோக்கலாம். சுபேதார் சுப்பிரமணியன் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவர். ஆங்கிலேயரின் இந்தியப் படையில், மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவில் பணியாற்றினார். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடிகளை அகற்றும் குழுவிற்குத் தலைமை தாங்கினார். குழுவில் ஒருவர் கண்ணிவெடியை மிதித்துவிட்டார். வெடிக்கச் சில நொடிகளே இருந்தன. சுப்பிரமணியன் அதன் மேல் தம் உடலைக் கிடத்தித் தோழர்களைக் காத்து உயிர் துறந்தார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. அவ்விருது நேரடியாக வழங்கப்பட்ட முதல் இந்தியர் அவரே. இத்தாலியில் சாங்ரோ ஆற்றருகே உள்ள தகன நினைவிடத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது.

ஆங்கிலேயப் பேரரசின் பக்கம் நின்று போரில் இறந்தவர்களின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் நாடுதோறும் கல்லில் பொறித்துக் காக்கிறது. அதன் பட்டியலில் பெயரைக் கொண்டு எவரும் தேடலாம். சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறையும் அவ்வாணையத்தின் பொறுப்பிலேயே உள்ளது. விடுதலைக்குப் பின் நாட்டைக் காத்து வீழ்ந்தோரின் பெயர்கள் 2019இல் திறக்கப்பட்ட புதுதில்லி தேசியப் போர் நினைவகத்தில் உள்ளன. 1999 கார்கில் போரில் உயிர் துறந்து வீர் சக்ரா விருது பெற்ற கேப்டன் ஜெரி பிரேம்ராஜ், திருவனந்தபுரம் அருகே வெங்ஙானூரைச் சேர்ந்தவர்.

அப்துல் காதருக்கு அத்தகைய கல்லறைப் பட்டியல் இல்லை. அவர் பேரரசை எதிர்த்து நின்றவர். அவரைப் பற்றிய பழைய ஆவணங்களை எழுதியவர்கள், அவரைப் பிடித்தவர்களும் தண்டித்தவர்களுமே. அரசுக் கோப்பு அவரை எதிரியின் முகவர் என்று அழைக்கும். விடுதலை பெற்ற இந்தியா 1998இல் அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டுத் தியாகி என்று போற்றியது. மனிதர் ஒருவரே, எழுதிய கைகள் வேறு. ஆவணத்தில் உள்ள நாளையும் இடத்தையும் எடுத்துக்கொள்ளலாம். அதன் தீர்ப்புச் சொற்களை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. புகழ்ந்து எழுதப்பட்டவற்றையும் இதே விழிப்போடுதான் படிக்க வேண்டும்.

போர்க்காலச் செய்தித்தாள்களுக்கும் இது பொருந்தும். அக்காலத்தில் கடுமையான செய்தித் தணிக்கை இருந்தது. ஒரு நிகழ்ச்சி நாளிதழில் வரவில்லை என்பதால் அது நடக்கவில்லை என்று முடிவு செய்தல் கூடாது.

ஐந்தாம் படி: வாய்மொழியைக் கேட்டல்

அப்துல் காதர் தூக்கிலிடப்பட்ட அதே நாளில் அவருடைய தோழர்களாகிய ஆனந்தன், சத்தியேந்திர சந்திர பர்தான், ஃபௌஜா சிங் ஆகியோரும் தூக்கிலிடப்பட்டனர். மதமும் மொழியும் வேறான நால்வர் ஒரே நாளில் உயிர் நீத்தனர் என்பது பதிவு. இந்துவான ஆனந்தனையும் தம்மையும் ஒன்றாகத் தூக்கிலிட வேண்டும் என்பதே அப்துல் காதரின் கடைசி விருப்பம் என்பது மக்கள் கூறிவரும் செய்தி. முதலாவதை உறுதியாக எழுதலாம். இரண்டாவதை எழுதும்போது 'என்று கூறப்படுகிறது' என்னும் தொடரைச் சேர்க்க வேண்டும். இந்தச் சிறு தொடர் எழுதுபவரின் நேர்மையைக் காக்கும்.

இறப்பதற்கு முன் அப்துல் காதர் தம் தந்தைக்கு எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்துள்ளது. கடிதமே தேடலின் பெருஞ்செல்வம். அரசுக் கோப்பில் இல்லாத குரல் அதில் கேட்கும். இத்தகைய கடிதங்களும் நிழற்படங்களும் பதக்கங்களும் பல வீடுகளில் டிரங்குப் பெட்டிகளில் உறங்குகின்றன. அவற்றைக் காண விரும்புவோர் முன்னரே சொல்லி, இசைவு பெற்றுச் செல்ல வேண்டும். முதியவர் பேசும்போது இடைமறித்துத் திருத்தக் கூடாது. ஆண்டு பிழையாக இருக்கலாம். துயரம் பிழையாக இராது. பேசியவர் யார், எந்நாளில் பேசினார், அவர் நேரில் கண்டதா பிறர் சொல்லக் கேட்டதா என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். கடிதத்தைப் படமெடுத்துக்கொண்டு மூலத்தை அவ்வீட்டிலேயே விட்டுவிட வேண்டும்.

ஆறாம் படி: எழுதி நிறுத்தல்

தொகுத்தவற்றை எழுதும்போது மூன்று வகைகளாகப் பிரித்துக்கொள்ளலாம்: சான்றால் உறுதியானவை, மக்கள் கூறுபவை, விடை கிடைக்காதவை. மூன்றாம் வகையைக் கற்பனையால் நிரப்புவது பெரும்பிழை. அவ்விடத்தை வெறுமையாக விட்டால், பின்னர் வருபவர் அங்கிருந்து தேடலைத் தொடர்வார்.

எழுதும்போது மற்றொன்றையும் மறத்தல் ஆகாது. நால்வர் இறந்த நாளில் ஒருவர் பெயரே ஊரறிய நிலைக்கிறது. ஒருவரைத் தேடிச் செல்பவர் வழியில் காணும் ஏனையோரின் பெயர்களையும் எழுதி வைத்தல் வேண்டும். அவர்களைத் தேடவும் ஒருவர் வரக்கூடும்.

இடங்கள் நெடுநாள் காத்திருப்பதில்லை. அப்துல் காதர் உயிர் நீத்த சென்னைச் சிறை 1837இல் அமைந்தது. அதன் கைதிகள் 2006இல் புழல் சிறைக்கு மாற்றப்பட்டனர். 2009இல் பழைய கட்டடம் இடிக்கப்பட்டது. நிலம் சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்றது. அவ்விடம் சென்னை சென்ட்ரல் இரயில் நிலையத்தின் அருகே உள்ளது. விடுமுறைக்காகத் திருவனந்தபுரத்திலிருந்து சென்னை மெயிலில் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் இறங்குவது அந்நிலையத்தில்தான். வக்கத்து இளைஞர் ஒருவரின் பயணம் முடிந்த இடத்தருகே, பெட்டிகளைச் சுமந்தபடி அவர்கள் நடந்து செல்கின்றனர்.

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் சென்றவர் அப்துல் காதர். ஊர்விட்டுச் சென்றோரின் வரலாறு ஓரிடத்தில் முழுமையாக இருப்பதில்லை. பிறந்த ஊரில் ஒரு பகுதி, உழைத்த ஊரில் ஒரு பகுதி, மறைந்த ஊரில் ஒரு பகுதி எனச் சிதறிக் கிடக்கும். இரு மொழிகளும் இரு ஊர்களும் அறிந்த பிள்ளைகளே அப்பகுதிகளைச் சேர்த்துப் படிக்க வல்லவர்கள்.

சொல்லும் பொருளும்

வைகறை – விடியற்காலை
பாசறை – படைவீரர் தங்குமிடம்
தணிக்கை – வெளியிடுமுன் அரசு ஆராய்ந்து நீக்குதல்
இசைவு – சம்மதம்
முகவர் – பிறர் சார்பில் செயற்படுபவர்
தகனம் – உடலை எரியூட்டல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பழவங்காடி கணபதி கோயிலுக்கும் படைக்கும் உள்ள தொடர்பு யாது?
2. வக்கத்தில் வாழ்ந்த இரு அப்துல் காதர்களையும் எவ்வாறு வேறுபடுத்தி அறியலாம்?
3. அப்துல் காதரை அனுப்பியவர் நேதாஜி அல்லர் என்பதைக் காலக்கோடு எவ்வாறு காட்டுகிறது?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. சுபேதார் சுப்பிரமணியனின் பெயர் நினைவிடத்தில் உள்ளது. அப்துல் காதருக்கு அத்தகைய பதிவு இல்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தை விளக்குக.
2. 'ஆண்டு பிழையாக இருக்கலாம். துயரம் பிழையாக இராது.' இத்தொடரின் பொருளை உம் சொற்களில் எழுதுக.

இ. பிரித்து எழுதுக.
அவ்வெண்ணம், நிலப்படம், காலக்கோடு, பெருஞ்செல்வம்

ஈ. செயல்பாடு
உம் குடும்பத்திலோ தெருவிலோ படைப்பணி ஆற்றிய ஒருவரைப் பற்றி வீட்டுப் பெரியவரிடம் கேட்டறிக. அவருடைய பெயரின் எல்லா எழுத்து வடிவங்களையும் பட்டியலிடுக. அறிந்த நிகழ்ச்சிகளைக் காலக்கோட்டில் குறிக்க. 'உறுதியானவை', 'கூறப்படுபவை', 'விடை கிடைக்காதவை' என மூன்று கட்டங்கள் வரைந்து நிரப்புக. மூன்றாம் கட்டம் நிறைந்திருந்தால் வருந்த வேண்டா. தேடல் அங்கிருந்தே தொடங்கும்.